புதுப் பொருளை உருவாக்குவது எப்படி? சிறு உற்பத்தியாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவையில் வீட்டு உபயோகப் பொருட்கள் செய்யும் நிறுவனம் ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேல் புதுப் பொருள் உருவாக்கும் பிரிவில் வேலை பார்த்தேன். கிரைண்டர், மிக்ஸி, அடுப்பு என்று சமையலறைச் சாமான்கள்தான் எங்கள் வேலை. இப்போது சொந்தமாகத் தொழில் தொடங்குகிறவர்கள் அவ்வப்போது வந்து சந்தேகம் கேட்பார்கள். ஆளாளுக்குச் செய்யும் பொருள் வேறு, கேள்விகள் மட்டும் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

புதுப் பொருள் என்றால் உலகத்தில் இதுவரை இல்லாததாக இருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. கடைகளில் புதிதாக வரும் பொருட்களில் முழுக்கப் புதியது மிகக் குறைவு. இருக்கிற பொருளைச் சிறிதாக்குவது, இன்னொரு ஊர்ப் பழக்கத்துக்கு ஏற்ப மாற்றுவது, ஒரு வசதியைச் சேர்ப்பது அல்லது எடுத்துவிடுவது என்றுதான் பெரும்பாலும் நடக்கிறது. 1979-ல் சோனி கொண்டுவந்த வாக்மேனையே எடுத்துக்கொள்ளுங்கள். நிருபர்கள் பேட்டி பதிவு செய்ய அந்த நிறுவனம் ஏற்கெனவே விற்ற சிறிய டேப் ரெக்கார்டரில் பதிவு செய்யும் வசதியை எடுத்துவிட்டார்கள். ஸ்டீரியோவும் எடை குறைந்த ஹெட்போனும் சேர்த்தார்கள். நடந்துகொண்டே பாட்டுக் கேட்கும் பழக்கம் அதிலிருந்து உலகம் முழுக்கப் பரவியது.

நல்ல ஐடியா எங்கிருந்து வருகிறது?

என் அனுபவத்தில், பொருளைத் தினமும் கையில் எடுக்கிறவர்கள் படும் பாட்டிலிருந்து வருகிறது. அலுவலக அறையில் பத்துப் பேர் உட்கார்ந்து பலகையில் எழுதுவதால் வருவது குறைவு.

சுமீத் மிக்ஸியின் கதை நம் வீடுகளுக்கு நெருக்கமானது. மும்பையில் சீமென்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர் சத்ய பிரகாஷ் மாத்தூர். அவர் வீட்டில் இருந்த ஜெர்மனியின் பிரான் மிக்ஸி மோட்டார் எரிந்து நின்றுவிட்டது. காரணம் எளிது. பழச்சாறு, கேக் மாவு போன்ற மெல்லிய வேலைக்காகச் செய்த இயந்திரத்தில் நம் ஆட்கள் மஞ்சளையும் தேங்காயையும் பருப்பையும் போட்டு அரைத்தால் என்ன ஆகும்? நம் சமையலுக்குத் தாங்குகிற மிக்ஸி ஒன்றைச் செய்யச் சொல்லித் தூண்டியவர் அவர் மனைவி. 1960-களில் மாத்தூர் தொடங்கிய நிறுவனத்திலிருந்து சுமீத் வந்தது. சக்தி கூடிய மோட்டார், நம் மசாலாவுக்கு ஏற்ற பிளேடு. அம்மிக்கு முன் உட்கார்ந்த எத்தனையோ பெண்களை அது எழுப்பிவிட்டது.

ஜப்பானில் இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் கண்டுபிடித்த மொமொஃபுகு ஆண்டோவுக்கும் இப்படி ஒன்று நடந்தது. 1958-ல் அவருடைய முதல் நூடுல்ஸ் பாக்கெட் வந்தது. சில ஆண்டுகள் கழித்து அமெரிக்காவுக்குப் போனபோது, அங்கே கடைக்காரர்கள் நூடுல்ஸை உடைத்துக் காகிதக் குவளையில் போட்டு, வெந்நீர் ஊற்றி, முள் கரண்டியால் சாப்பிடுவதைப் பார்த்தார். 1971-ல் கப் நூடுல்ஸ் பிறந்தது. கிண்ணம் இல்லாத இடத்தில் மனிதர்கள் தாங்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள், அவர் அதைக் கவனித்தார். உங்கள் வாடிக்கையாளர் ஒரு பொருளை நீங்கள் நினைக்காத விதத்தில் பயன்படுத்தினால் அதைத் தப்பு என்று ஒதுக்காதீர்கள். போய்ப் பக்கத்தில் நில்லுங்கள்.

வாடிக்கையாளர்களிடமே என்ன வேண்டும் என்று கேட்டுவிடலாமே?

கேளுங்கள். ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள், அவர்கள் செய்வதைப் பார்க்கவும் வேண்டும். ஒரு நிகழ்ச்சி சொல்கிறேன்.

சிறிய டேபிள் டாப் கிரைண்டர் ஒன்றை வடிவமைத்துக்கொண்டிருந்த நேரம். நேரம் முடிந்ததும் மணி அடித்துத் தானாக நிற்கும் டைமர் வைத்தால் விற்கும் என்று எங்கள் அணி நம்பியது. கேட்ட வீடுகளில் எல்லாம் "ஆமாம், நல்லா இருக்கும்" என்றார்கள். சரி, ஒரு முறை உட்கார்ந்து பார்க்கலாம் என்று பல்லடம் பக்கம் ஒரு வீட்டுக்குக் காலையிலேயே போனோம். அந்த அம்மா உளுந்தைப் போட்டுவிட்டு, அவ்வப்போது கையால் தண்ணீர் தெளித்துக்கொண்டே மற்ற வேலை பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு துளி மாவை எடுத்துக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டார். மிதந்தது. உடனே நிறுத்தினார். கடிகாரத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. உளுந்து பழையதா புதியதா என்பதைப் பொறுத்து ஒவ்வொரு நாளும் நேரம் மாறும்போது அவருக்கு டைமர் எதற்கு?

அதன் பிறகுதான் சிரமமே ஆரம்பித்தது. குழவிக் கல்லைத் தூக்கி வழித்தார். கல்லின் அடியில், அதைச் சுழல விடும் புஷ் என்ற வளையம் இருக்கும் குழியில் மாவு சிக்கிக்கொண்டது. விரலை விட்டு எடுத்தார். மாவு சொட்டும் கல்லை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு தட்டைத் தேடி, அதில் சாய்த்து வைத்தார். கல் உருண்டது. ஈரக் கையோடு அதைப் பிடிக்கப் போனார். இதைப் பற்றி எந்த வீட்டிலும் ஒருவரும் எங்களிடம் குறை சொன்னதில்லை. கிரைண்டர் என்றால் அப்படித்தான் என்று பழகிவிட்டார்கள்.

நாங்கள் டைமரை விட்டுவிட்டோம். மூடியைத் திருப்பிப் போட்டால் கல் ஆடாமல் உட்காரும்படி அதில் ஒரு குழி வைத்தோம். அந்த மாடலை வாங்கியவர்கள் கடையில் முதலில் காட்டச் சொன்னது அந்த மூடியைத்தான். இப்போது யார் என்னிடம் வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, "கடைசியாக ஒருவர் இதைப் பயன்படுத்துவதை ஆரம்பம் முதல் கழுவி வைப்பது வரை எப்போது பார்த்தீர்கள்?"

ஐடியாவிலிருந்து கடை வரை என்னென்ன படிகள்?

ஐடியா, அலசல், மாதிரி, சோதனை, சிறு அளவில் உற்பத்தி, விற்பனை. பெரிய நிறுவனங்கள் ஒவ்வொரு படிக்கும் நடுவில் ஒரு வாசல் வைத்திருக்கும். வாசலில் மேலதிகாரிகள் உட்கார்ந்து, மேலே பணம் போடலாமா, நிறுத்தலாமா என்று முடிவெடுப்பார்கள். கனடாவைச் சேர்ந்த ராபர்ட் கூப்பர் 1980-களில் இந்த முறையை ஒழுங்குபடுத்தி எழுதினார். உங்களுக்கு அத்தனை சடங்கு தேவையில்லை. ஒவ்வொரு படியிலும் செலவு பல மடங்கு ஏறும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். காகிதத்தில் இருக்கும் தப்பை அழிக்க ஒரு ரப்பர் போதும். அதே தப்பு, பாகங்களை வார்க்கும் இரும்பு அச்சில் ஏறிவிட்டால் லட்சங்கள் போகும். ஆயிரம் வீடுகளுக்குப் போய்விட்டால் பேரும் போகும்.

எத்தனை மாதிரி செய்து பார்க்க வேண்டும்?

கணக்கு கிடையாது. பை இல்லாத வாக்குவம் கிளீனருக்காக ஜேம்ஸ் டைசன் 1979 முதல் 1984 வரை 5,127 மாதிரிகள் செய்தார். அந்த எண்ணைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அவர் வேலை செய்த விதம்தான் நமக்கு வேண்டியது. ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். இரண்டை ஒன்றாக மாற்றினால் பலன் எதனால் வந்தது என்று தெரியாது.

முதல் மாதிரி விலை குறைவாக இருக்கட்டும். அட்டை, தெர்மாகோல், பழைய பொருளின் பாகங்கள், இப்போது கிடைக்கும் 3டி பிரிண்டிங், எதுவானாலும் சரி. மிக்ஸியின் கைப்பிடி எந்தக் கோணத்தில் இருக்க வேண்டும் என்பதைக் களிமண்ணில் பிடித்துப் பார்த்தே முடிவு செய்திருக்கிறோம். எண்ணெய்க் கையோடு பிடிக்கச் சொல்லுங்கள். கைப்பிடியின் உண்மை அப்போது தெரியும்.

அச்சு போட்ட பிறகு மாற்றவே முடியாதா?

சில மாற்றங்கள் முடியும், சில முடியாது. பிளாஸ்டிக் பொருள் செய்கிறவர்கள் இதைப் புரிந்துகொண்டால் நிறையப் பணம் மிஞ்சும்.

அச்சு என்பது இரும்பில் செதுக்கிய குழியும், அதற்குள் இறங்கும் மேடும். இரண்டுக்கும் நடுவில் பிளாஸ்டிக் போய் உறையும். இரும்பை இன்னும் கொஞ்சம் செதுக்குவது சுலபம், செதுக்கியதைத் திரும்ப ஒட்டுவது கஷ்டம். வெல்டிங் வைத்து ஒட்டலாம், ஆனால் தழும்பு தெரியும், ஆயுளும் குறையும். அதனால் சந்தேகமான இடங்களில் இரும்பைக் கொஞ்சம் அதிகமாக விட்டுவைக்கச் சொல்வார், அச்சு செய்யும் டூல் ரூம் பட்டறையின் அனுபவமுள்ள மேஸ்திரி. முதல் டிரையல் பார்த்துவிட்டுச் செதுக்கிக்கொள்ளலாம்.

எங்களுக்கு ஒரு தடவை இதில் பலத்த அடி. சுமார் 200 மில்லிமீட்டர் விட்டமுள்ள மூடி ஒன்றுக்கு ஏபிஎஸ் பிளாஸ்டிக்கை மனதில் வைத்து அச்சு செய்தாகிவிட்டது. விலையைக் குறைக்க வேண்டும் என்று கடைசி நேரத்தில் பாலிபுரொப்பிலீனுக்கு மாறினார்கள். ஏபிஎஸ் ஆறும்போது சுமார் அரை சதவீதம் சுருங்கும். பாலிபுரொப்பிலீன் ஒன்றரை சதவீதம், சில சமயம் அதற்கும் மேல் சுருங்கும். காகிதத்தில் சிறிய வித்தியாசம். மூடியில் அது 2 மில்லிமீட்டர். மூடி பாத்திரத்தின் மேல் உட்காரவே இல்லை. வெளிப்பக்கத்தைப் பெரிதாக்கக் குழியைச் செதுக்கினால் போதும். உள்பக்கம் பெரிதாக வேண்டுமானால் உள்ளே இறங்கும் மேடு பருக்க வேண்டும், அதாவது இரும்பைச் சேர்க்க வேண்டும். அந்த மேட்டை முழுவதும் புதிதாகச் செய்ய வேண்டியதாயிற்று. ஒன்றரை மாதம் தள்ளிப்போனது, தீபாவளி விற்பனை கைவிட்டுப் போனது.

மூலப்பொருளை முடிவு செய்துவிட்டு அச்சுக்குப் போங்கள். அதன் பிறகு விலை குறைக்க வேறு இடம் பாருங்கள்.

விலையை எப்போது முடிவு செய்வது?

முதல் நாளே. செய்து முடித்து, செலவைக் கூட்டி, மேலே லாபம் வைத்து விலை சொல்வதுதான் நம்மில் பலரின் பழக்கம். வாங்குகிறவரால் எவ்வளவு தர முடியும் என்பதிலிருந்து பின்னோக்கி வந்தால் பொருளே வேறு மாதிரி அமையும்.

கடலூர் சின்னி கிருஷ்ணன் நினைத்தது அதுதான். கூலி வேலை செய்கிறவரும் வாங்க வேண்டும் என்றால் பெரிய பாட்டிலில் விற்றுப் பயனில்லை, சிறு பாக்கெட்டில் கொடுக்க வேண்டும் என்றார். ஷாம்பு சாஷே நம் பெட்டிக்கடைகளில் சரம் சரமாகத் தொங்கியதற்கு அவரும் அவர் குடும்பமும் பெரிய காரணம். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயோடு தனியாகத் தொடங்கி, அப்பாவின் பெயரிலிருந்தே சிக் ஷாம்புக்குப் பெயர் எடுத்தார். கிராமங்களில் ஆட்களை அனுப்பி, ஒரு பையனுக்கு எல்லோர் முன்னாலும் தலை அலசிக் காட்டினார்கள். காலி சாஷேக்களைக் கொண்டுவந்தால் ஒரு புது சாஷே இலவசம் என்றும் ஒரு திட்டம். முதலில் எந்த கம்பெனியின் காலி உறையானாலும் வாங்கிக்கொண்டார்கள், பிறகு சிக் உறைக்கு மட்டும் என்று மாற்றினார்கள். சீயக்காயை விட்டு வந்தவர்களுக்கு விலையும் அளவும் பழக்கமும் ஒரே நேரத்தில் பொருந்தின.

மதுரையில் இன்னொரு உதாரணம் இருக்கிறது, எனக்கு அதன் மேல் தனி மரியாதை. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கண்புரை நோயாளிகளுக்கு லென்ஸ் பொருத்த விரும்பியது. வெளிநாட்டு லென்ஸ் விலை ஏழைகளுக்கு எட்டாதது. விலை குறையட்டும் என்று காத்திருக்காமல் 1992-ல் ஆரோலேப் என்ற பிரிவைத் தொடங்கித் தாங்களே லென்ஸ் செய்தார்கள், வெளிநாட்டு விலையில் சிறு பங்குக்கு. ஏழைக்குக் கட்டுபடியாக வேண்டும் என்பது முதலிலேயே முடிவாகிவிட்டதால், இயந்திரம் முதல் ஆட்களுக்குப் பயிற்சி வரை எல்லாம் அதை ஒட்டியே அமைந்தன.

அப்படியானால் விலை குறைவாக இருந்தால் விற்றுவிடுமா?

இல்லை. டாடா நானோ 2009-ல் விற்பனைக்கு வந்தது. ஒரு லட்ச ரூபாய் கார் என்ற இலக்கை வைத்து ஒவ்வொரு பாகத்தையும் யோசித்த பொறியியல் வேலை அது. அதைச் செய்தவர்கள்மேல் எனக்கு இன்றும் மதிப்பு உண்டு. ஆனால் மிக மலிவான கார் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அப்படி விற்றது தவறு என்று ரத்தன் டாடாவே பின்னாளில் சொன்னார். நம் ஊரில் கார் வாங்குவது வீட்டுக்கு மரியாதை சேர்க்கும் காரியம். பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பார். விலையைச் சொல்லாமல் நல்ல விஷயத்தைச் சொல்லி விற்கிற வழியையும் சேர்த்தே யோசியுங்கள்.

கடைக்கு அனுப்பும் முன் மக்களிடம் சோதித்துப் பார்ப்பது எப்படி?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். சோறு வெந்ததா என்று பார்க்க அது சரி. அந்தச் சோற்றைத் தினமும் சாப்பிடப் பிடிக்குமா என்பதை ஒரு பருக்கை சொல்லாது. 1985 ஏப்ரலில் கோககோலா தன் பானத்தின் சுவையை மாற்றியது. மாற்றும் முன் சுமார் 2 லட்சம் பேரிடம் சுவைத்துப் பார்க்கச் சொல்லிக் கேட்டிருந்தார்கள், அதிகம் பேருக்குப் புதுச் சுவை பிடித்திருந்தது. ஆனால் வீட்டில் காலங்காலமாகக் குடிப்பதை எடுத்துவிடுவோம் என்றால் என்ன நினைப்பீர்கள் என்பதைச் சரியாகக் கேட்கவில்லை. கோபக் கடிதங்களும் தொலைபேசி அழைப்புகளும் குவிந்தன. 79 நாளில் பழைய சுவை திரும்பி வந்தது.

எப்படிச் சோதிக்கிறோம் என்பதும் முக்கியம். 3எம் நிறுவனத்தில் 1968-ல் ஸ்பென்சர் சில்வர் பலமான பசை தேடியபோது, ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் பசை கிடைத்தது. சர்ச்சில் பாடும் புத்தகத்திலிருந்து அடையாளச் சீட்டு விழுந்துகொண்டே இருப்பது அவருடைய சக ஊழியர் ஆர்ட் ஃப்ரைக்குத் தொல்லை. அந்தப் பசையைச் சீட்டில் தடவலாமே என்று 1974-ல் அவருக்குத் தோன்றியது. அப்படிப் பிறந்த ஒட்டுச் சீட்டை 1977-ல் நான்கு நகரங்களில் விற்றுப் பார்த்தார்கள், சரியாகப் போகவில்லை. ஒட்டிப் பிரித்துப் பார்க்காதவருக்கு அது வெறும் காகிதத் துண்டு. அடுத்த ஆண்டு ஐடஹோ மாநிலத்தின் பாய்சி நகரில் அலுவலகங்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். பயன்படுத்தியவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் காசு கொடுத்து வாங்குவோம் என்றார்கள். 1980-ல் போஸ்ட் இட் என்ற பெயரில் அந்தச் சீட்டு அமெரிக்கா முழுக்க வந்தது. முதல் சோதனையை நம்பி நிறுத்தியிருந்தால் அது அங்கேயே முடிந்திருக்கும்.

சொந்தக்காரர்களிடம் மட்டும் கொடுத்துப் பார்க்காதீர்கள். மாமா குறை சொல்ல மாட்டார்.

பைலட் லாட் என்கிறார்களே, அது எதற்கு?

முழு உற்பத்திக்கு முன் சோதனைக்காகச் செய்யும் முதல் தொகுதிதான் பைலட் லாட். மாதிரியைச் செய்வது உங்கள் பட்டறையில் கைதேர்ந்த ஃபிட்டர். பாகம் கொஞ்சம் பொருந்தாவிட்டால் அரத்தை எடுத்து ஒரு இழுப்பு இழுத்து மாட்டிவிடுவார், சொல்லக்கூட மாட்டார். உற்பத்தியில் வேலை செய்கிறவருக்கு அந்த நேரமும் இல்லை, அரமும் இல்லை. அதனால் முதல் 50 அல்லது 100 பொருட்களை வழக்கமான ஆட்களை வைத்து, வழக்கமாக வரும் பாகங்களைக் கொண்டு செய்ய விடுங்கள். வடிவமைத்தவர் பக்கத்தில் நின்று பார்க்கட்டும், கை வைக்கக் கூடாது.

அந்த லாட்டிலிருந்து சிலவற்றை எடுத்து வதைத்துப் பாருங்கள். மின்சாரப் பொருள் என்றால் 170 வோல்ட்டில் ஓட்டுங்கள். சாயங்காலம் எல்லா வீட்டிலும் விளக்குப் போடும் நேரத்தில் பல கிராமங்களில் வோல்டேஜ் இறங்கிவிடும். சரியாக ஊறாத பருப்பைப் போடுங்கள். பெட்டியோடு இடுப்பு உயரத்திலிருந்து கீழே போடுங்கள், லாரியிலிருந்து இறக்கும்போது அப்படித்தான் விழும்.

நாங்கள் செய்வது உணவுப் பொருள். எங்களுக்கு என்ன வேறுபாடு?

வீட்டு அளவில் நன்றாக வந்தது பெரிய அண்டாவில் அப்படியே வராது. சூடு ஏற நேரமாகும், ஆறவும் நேரமாகும், அதற்குள் நிறமும் பதமும் மாறிவிடும். கைப்பிடி, சிட்டிகை எல்லாவற்றையும் முதலில் கிராமுக்கு மாற்றி எழுதுங்கள். அப்புறம் 2 கிலோ, 10 கிலோ, 50 கிலோ என்று ஏற்றுங்கள். எத்தனை நாள் கெடாது என்பதை உங்கள் ஃபிரிட்ஜில் வைத்துப் பார்த்தால் போதாது. கடைக்காரர் இரவில் ஃபிரிட்ஜை அணைத்துவிட்டுப் போவார். உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு, லேபிளில் இருக்க வேண்டிய விவரங்கள் ஆகியவற்றை உறை அச்சடிக்கும் முன்பே முடித்துவிடுங்கள்.

காப்புரிமை எடுக்க வேண்டுமா?

எல்லாவற்றுக்கும் வேண்டாம். வேண்டும் என்றால், ஊருக்குக் காட்டும் முன் விண்ணப்பியுங்கள். கண்காட்சியில் வைத்துவிட்டு அப்புறம் போனால் புதுமை போய்விட்டது என்று மறுக்க வாய்ப்புண்டு. முதலில் தற்காலிக விவரத்தைக் கொடுத்துவிட்டு, 12 மாதத்துக்குள் முழு விவரம் தரலாம். இந்தியாவில் காப்புரிமை விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. பொருளின் தோற்றத்துக்கு மட்டும் வடிவமைப்புப் பதிவு இருக்கிறது, 10 ஆண்டு, மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். சிறு உற்பத்தியாளர் பலருக்கு வடிவமைப்புப் பதிவும் பெயருக்கு வணிகக் குறியும் போதும்.

ஆராய்ச்சிப் பிரிவு, பட்டதாரிகள் எதுவும் எங்களிடம் இல்லை. முடியுமா?

கோவை அருணாசலம் முருகானந்தத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தவர். மனைவி மாதவிடாய்க்குப் பழந்துணி வைப்பதைப் பார்த்து 1998 வாக்கில் நாப்கின் செய்யத் தொடங்கினார். முதலில் பஞ்சில் செய்தார், சரியாக உறிஞ்சவில்லை. சோதித்துச் சொல்ல ஆள் கிடைக்காமல், பந்தின் பிளாடரில் ஆட்டு ரத்தம் நிரப்பித் தானே அணிந்து நடந்தார். கம்பெனி நாப்கினில் இருப்பது மரக்கூழிலிருந்து எடுத்த இழை என்று கண்டுபிடிக்கவே இரண்டு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. அதைச் செய்யும் இயந்திரம் கோடிக்கணக்கில் என்றதும், வேலையை அரைப்பது, அழுத்துவது, ஒட்டுவது, கிருமி நீக்குவது என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எளிய இயந்திரம் செய்தார். அதைப் பெண்கள் சுயஉதவிக் குழுக்களுக்கு விற்றார். 2016-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்த ஆண்டுகளில் மனைவியும் அம்மாவும் பிரிந்து போனார்கள், ஊர் தப்பாகப் பேசியது. அந்த விலையையும் சேர்த்துத்தான் அவர் கதையைச் சொல்ல வேண்டும்.

எப்போது கைவிடுவது?

ஆரம்பிக்கும்போதே எழுதி வைத்துவிடுங்கள். இவ்வளவு பணம், இத்தனை மாதம், இத்தனை பேர் காசு கொடுத்து வாங்க வேண்டும். நடுவில் யோசித்தால் போட்ட பணத்தின் மேல் வரும் பாசம் சரியாக முடிவெடுக்க விடாது. கைவிட்டதைப் பற்றிய குறிப்பு, வரைபடம், மாதிரி எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். சில்வரின் பசை ஆறு ஆண்டு அப்படித்தான் கிடந்தது.

விற்க ஆரம்பித்தாயிற்று. இனி?

சர்வீஸ் சென்டரில் வாரம் ஒரு நாள் உட்காருங்கள். திரும்பி வந்த பொருளை உங்கள் கையாலேயே பிரியுங்கள். எந்த இடத்தில் மாவு காய்ந்து ஒட்டியிருக்கிறது, எந்த ஸ்க்ரூ துருப்பிடித்திருக்கிறது, எந்த ஒயரை எலி கடித்திருக்கிறது என்று பாருங்கள். அடுத்த மாடலுக்கான வேலைப் பட்டியல் அங்கேயே கிடைத்துவிடும்.

முதலில் வாங்கிய 100 பேரின் எண்ணை, அவர்கள் சம்மதத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் மாதம் கூப்பிடுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு "நல்லா இருக்குங்க" என்றுதான் வரும். "கடைசியா என்னைக்குங்க மாவு அரைச்சீங்க?" என்று கேளுங்கள். "அதைப் பரண் மேல வெச்சிட்டோங்க" என்று யாராவது சொன்னால், அந்த வாரமே அனுமதி கேட்டு அந்த வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள்.